இருபத்துநாலாம் பக்கத்து லெம்மா

மான்செஸ்டர்
7-1-1963

ஜகதாவுக்கு,

டிசம்பர் இருபத்தாறாம் தேதி பெய்ய ஆரம்பித்த பனி இன்னும் தரையை விட்டுப் போகவில்லை. குளியலறைக் குழாய் உறைந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றிப் பார்க்கிறாள். ஓவர்கோட்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேப்பர் முடிந்துவிட்டது. மொத்தம் முப்பத்தொரு பக்கம். சனிக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். பேராசிரியர் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, இது நின்றால் உன்னை இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வைத்துக்கொள்ளக் கமிட்டியிடம் கேட்கிறேன் என்றார். கமிட்டி மார்ச் நாலாம் தேதி கூடுகிறது. அதற்குள் டைப் அடித்த பிரதி அவர் மேஜைமேல் இருக்கவேண்டும். இங்கே டிபார்ட்மெண்ட் டைப்பிஸ்டுக்கு ஏப்ரல்வரை வேலை வரிசையில் நிற்கிறது. அதோடு என் கையெழுத்தை உலகத்தில் தப்பில்லாமல் படிக்கிற ஆள் நீ ஒருத்திதான். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த இரண்டு பேப்பரையும் நீதானே அடித்தாய். இதையும் அடித்துவிடு.

இன்னும் இரண்டு வருஷம் என்றால் உனக்குக் கஷ்டம் என்று தெரியும். நான் கப்பல் ஏறி ஐந்து மாசம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு, நான் திரும்பும்போது மூன்று வயசாகியிருக்கும். ஆனால் இந்த வாய்ப்பு மறுபடி வராது. செமிசிம்பிள் குரூப்புகளில் இந்த விஷயத்தை இதுவரை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கிறேன்.

கோமளம் அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

சுந்தரேசன்

*

ஒக்கலிபுரம், பெங்களூர்
2-2-1963

உங்களுக்கு என் நமஸ்காரங்கள்.

பதில் தாமதமாகிவிட்டது. கட்டு பதினேழாம் தேதியே வந்து சேர்ந்தது. இத்தனை நாள் என்ன பண்ணினாய் என்று கேட்பீர்கள். ஒரு வாரம் டைப் அடித்தேன். அடுத்த வாரம் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன்.

அகிலா சௌக்கியம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஐந்து பல் வந்தாயிற்று. புதன்கிழமை கொண்டுபோய் எடை பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். இன்னொரு தடவை தட்டில் வையுங்கள் என்று நான்தான் கேட்டேன். அவருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது.

சனி, ஞாயிறுகளில் கோமளம் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லை, குழந்தையை அவள் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் பின்வீட்டு மௌரீன் தன் டைப்ரைட்டரைத் தருகிறாள். அவள் ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்டு என்று முன்பே எழுதியிருக்கிறேன். கிரேக்க எழுத்துக்கும் மாட்ரிக்ஸுக்கும் நான் இடம் விட்டு விட்டு அடிப்பதைப் பார்த்து, "என்ன மேன் ஜகதா, இத்தினி ஓட்டை விடறே? உன் ஹஸ்பண்ட் சாமிக்கு எடம் வெச்சிருக்காரா?" என்று கேட்டாள். அடித்து முடித்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேனாவால் அந்த இடங்களை நிரப்புகிறேன். அடிக்கும்போது கை ஓடுகிறது, மனசு ஓடுவதில்லை. நிரப்பும்போதுதான் படிக்கிறேன். இருபத்துநாலாம் பக்கத்தை அப்படித்தான் படித்தேன்.

எனக்குப் புரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிலேயே தப்பு இருந்தால் மேலே படிக்காமல் கடிதத்தை மூடிவிடுங்கள். ஒரு மாட்ரிக்ஸை வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருக்கிற எண்கள் எல்லாம் மாறிப்போகும், அது செய்கிற வேலை மாறாது. அப்படி ஒன்று இன்னொன்றாகத் தெரியக்கூடியவற்றை எல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்க்கிறீர்கள். அதுதான் கான்ஜுகஸி கிளாஸ். கூட்டத்துக்குள் எதை எடுத்தாலும் மாறாத மதிப்புத் தருபவை இன்வேரியண்ட் ஃபங்க்ஷன்கள். மூலைவிட்டத்தில் இருக்கிற எண்களைக் கூட்டினால் வருவது போல. இருபத்துநாலாம் பக்கத்து லெம்மாவில், அந்தத் துணைத்தேற்றத்தில், t என்ற எண்ணோடு சேர்ந்து நகர்கிற இரண்டு மாட்ரிக்ஸ் வரிசைகளை எடுக்கிறீர்கள். t பூஜ்யமாக இல்லாதவரை இரண்டும் ஒரே கூட்டம். மாறாத மதிப்புகள் t பூஜ்யம் ஆகும்போதும் ஒத்துப்போகின்றன. ஆகையால் அங்கேயும் ஒரே கூட்டம் என்று முடிக்கிறீர்கள். அந்த 'ஆகையால்' எனக்கு நிற்கவில்லை.

காலேஜில் எது புரியாவிட்டாலும் இரண்டுக்கு இரண்டு மாட்ரிக்ஸை வைத்துப் பார்ப்பேன். இங்கேயும் வைத்தேன். முதல் வரிசை: மூலைவிட்டத்தில் 1+t, அதன் தலைகீழ், மற்ற இரண்டு இடத்திலும் பூஜ்யம். இரண்டாவது வரிசை: அதே மூலைவிட்டம், கீழே பூஜ்யம், மேல் வலது மூலையில் மட்டும் 1. t கொஞ்சமாவது இருக்கும்வரை இரண்டும் ஒன்றைப் போல ஒன்று வேஷம் போடுகின்றன. t பூஜ்யமானால் முதலாவது யூனிட் மாட்ரிக்ஸாகிவிடுகிறது. யூனிட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் யூனிட்தான். இரண்டாவதில் மூலையில் அந்த 1 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே கூட்டமாகும்? உங்கள் ஃபங்க்ஷன் எதைக் கேட்டாலும் இரண்டும் ஒன்று என்றுதான் சொல்லும். இன்னொன்றும் கண்ணில் பட்டது, உதவுமோ தெரியாது: யூனிட்டோடு எதை முன்னால் வைத்துப் பெருக்கினாலும் பின்னால் வைத்துப் பெருக்கினாலும் ஒரே விடைதான், எல்லாமே அதோடு ஒத்துப்போகின்றன. மூலையில் 1 இருப்பதோடு ஒத்துப்போகிறவை கொஞ்சமே. வித்தியாசம் அங்கே தெரிகிறது.

கடைசி ஏழு பக்கமும் இந்த லெம்மாமேல்தான் நிற்கிறது, இல்லையா?

இதை எழுதாமல் இருந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் என்று படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் கைக்கு வந்தது. தப்பு தானாகக் கண்ணில் பட்டதா, அல்லது நான் தேடினேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்காவிடம் சொன்னேன். "கணக்குப் போட்டு ஆம்படையானைத் திருப்பிக் கூப்பிடற பொண்ணை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை.

நான் சொல்வது தப்பு என்று எழுதுங்கள். சந்தோஷமாக மிச்சத்தை அடித்து அனுப்பிவிடுகிறேன்.

ஜகதா

*

மான்செஸ்டர்
12-2-1963

ஜகதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. குழந்தையைப் பற்றி ஒரு பத்தி, மிச்சம் முழுக்க என் லெம்மா.

இரண்டுக்கு இரண்டு மாட்ரிக்ஸ் பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு. அது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? ஒன்பதாம் பக்கத்தைப் பார். செமிசிம்பிள் உறுப்புகளை, அதாவது மூலைவிட்ட வடிவத்துக்குக் கொண்டுவரக்கூடியவற்றை, மட்டுமே எடுத்துக்கொள்கிறோம் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். மூலையில் 1 உட்கார்ந்திருப்பது செமிசிம்பிளே இல்லை, அதை நான் உள்ளேயே விடவில்லை. அந்தப் பக்கத்தை நீ அடித்திருப்பாய், படித்திருக்கமாட்டாய்.

இந்தப் பேப்பரில் பதினாலு மாசம் இருக்கிறேன். பேராசிரியர் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். கமிட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இந்தச் சமயத்தில் எனக்கு வேண்டியது முப்பத்தொரு பக்கம், அபிப்பிராயம் இல்லை.

தேடினேனா என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிகிறது. தேடினாய். இரண்டு வருஷம் வேண்டாம், வந்துவிடுங்கள் என்று நேராக எழுதியிருந்தால் படித்துவிட்டு யோசித்திருப்பேன். அதைச் சொல்ல என் கணக்குக்குள் புகவேண்டிய அவசியம் இல்லை.

எழுத்து ஒன்றும் மாற்றாமல் அடித்து அனுப்பு.

சுந்தரேசன்

*

ஒக்கலிபுரம், பெங்களூர்
22-2-1963

நமஸ்காரம்.

முப்பத்தொரு பக்கமும் இன்று காலை ரிஜிஸ்டர் பண்ணியாயிற்று. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நான் முன்பு அடித்த இருபத்துநாலாம் பக்கம் என் கிறுக்கலில் பாழாகிவிட்டது, அதை மட்டும் மறுபடி நான் அடிக்கவில்லை, மௌரீன் அடித்தாள். வரி கொஞ்சம் சாய்ந்திருக்கும். எனக்கு விரல் வரவில்லை. அவளிடம் காரணம் சொன்னேன். "ஆபீஸ்ல டெய்லி பொய்தான் மேன் அடிக்கறேன், உன்னுது ஒண்ணு என்ன ஜாஸ்தியா" என்று உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள்.

ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். முன்பும் படித்திருந்தேன். செமிசிம்பிள் என்று நீங்கள் எடுத்துக்கொள்வது t பூஜ்யமாக இல்லாதபோது. பூஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அது அப்படியே இருக்கும் என்று ஒன்பதாம் பக்கம் சொல்லவில்லை, வேறு எந்தப் பக்கமும் சொல்லவில்லை. நீங்கள் உள்ளே விடவில்லை, அதுவாகவே வந்துவிடுகிறது. இதைப் பற்றி இனி நான் எழுதமாட்டேன்.

இப்போது எழுதப்போவது வேறு.

நவம்பர் பதினாலாம் தேதி, புதன்கிழமை. அக்கா பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் விழா என்று காலையிலேயே போய்விட்டாள். அகிலாவுக்கு விடியற்காலையிலிருந்து உடம்பு சுட்டது. பதினோரு மணிக்கு நூற்றுநாலு டிகிரி. நெற்றிக்கு ஈரத்துணி மாற்றுவதற்காகத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது கண் இரண்டும் மேலே போயிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. மௌரீனுக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். நான் கத்தியதைக் கேட்டு, ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியும் கையுமாக ஓடிவந்தாள். ஜட்கா வண்டி பிடித்தாள். போகிற வழியில் குழந்தையின் பல் கிட்டிவிடாமல் இருக்க என்ன பண்ணவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது பல்லே இல்லை என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. இழுப்பு ஏழு நிமிஷம் இருந்தது என்று மௌரீன் சொல்கிறாள். அவள் கையில் கடிகாரம் இருந்தது. எனக்கு அதற்கு அளவு தெரியாது.

ஜுரத்தில் வருகிற வலிப்பு, ஐந்து வயசுவரை மறுபடி வரலாம், பெரும்பாலும் கெடுதல் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். பெரும்பாலும் என்றார். அன்றிலிருந்து நான் அவளைத் தொட்டுப் பார்க்காத மணி நேரம் கிடையாது.

அன்று சாயங்காலம் உங்களுக்கு எழுத ஏரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா சொன்னாள்: "எழுதினா அடுத்த கப்பல்ல வந்து நிப்பான். வந்தா மறுபடி போகமாட்டான். உன் இஷ்டம்."

முதல் பல் வெளியே வந்தது என்று எழுதினேன். பொய்யில்லை. அந்த வாரக் கடைசியில் பல்லும் வந்தது. அதற்காக ஏரோகிராமை மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன்.

உங்களைத் திரும்பக் கூப்பிடவேண்டும் என்று நான் நினைத்திருந்தால் இது ஒன்று போதும். நவம்பரிலிருந்து இது என் கையில் இருக்கிறது. பதினாலு மாசம் உழைத்த உங்கள் கணக்குக்குள் புகுந்து தப்புத் தேடவேண்டிய தேவை எனக்கு இல்லை.

இதையும் இப்போது எழுதியிருக்கக்கூடாது. கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனாலும் கிழிக்கப்போவதில்லை.

ஜகதா

*

மான்செஸ்டர்
6-3-1963

ஜகதா,

குழந்தை எப்படி இருக்கிறாள்? மறுபடி வந்ததா? இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், மற்ற எதற்கும் காத்திராமல் ஒரு வரி எழுதிப் போடு.

நவம்பர் பதினாலாம் தேதி நான் என்ன பண்ணினேன் என்று டைரியில் பார்த்தேன். 'மழை. லைப்ரரி. புது ஷூ கடிக்கிறது' என்று எழுதியிருக்கிறேன்.

லெம்மா தப்பு. உன் கட்டு வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். உனக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மூன்றாம் நாள், என் அறையில் கூட உட்கார்கிற சிரிலுக்குப் பேப்பரை விளக்கிக்கொண்டிருந்தேன். சிலோன்காரப் பையன், வாயைத் திறக்காமல் கேட்பான். போர்டில் t = 0 என்று எழுதிவிட்டு 'ஆகையால்' என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நீ எழுதியிருந்த மாட்ரிக்ஸை அதன் பக்கத்தில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுச் சிரில் எழுந்து போய் எனக்கு ஒரு கப் டீ கொண்டுவந்து வைத்தான்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. உள்ளதைச் சொல்வதானால், கமிட்டி முடிகிறவரை வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். கடைசி ஏழு பக்கத்தை அங்கே யாரும் வரிவரியாகப் படிக்கப்போவதில்லை. இரண்டாம் தேதி உன் கட்டும் கடிதமும் ஒன்றாக வந்தன. கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். இருபத்துநாலாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், வரி சாய்ந்திருந்தது. கட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை, அவர் வாசலில் மண்வெட்டியோடு பனியை வாரிக்கொண்டிருந்தார்.

கேட்டுவிட்டு அவர் கோபிக்கவில்லை. யார் கண்டுபிடித்தது என்றார். என் மனைவி என்றேன். அவரும் இந்தத் துறையா என்றார். இல்லை, டைப் அடித்தாள் என்றேன். சொன்னது நிஜம்தான், சொல்லி முடித்தபோது பொய் சொன்ன மாதிரி இருந்தது. திரும்பவும், அவள் கணக்கில் எம்.எஸ்ஸி. என்று சொன்னேன். அவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

முழுவதும் போய்விடவில்லை. நீ போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, கூட ஒத்துப்போகிறவை எத்தனை என்று, அதுதான் கதவு. மாறாத மதிப்புகள் ஒத்துப்போகிறவற்றில், கூட ஒத்துப்போகிறவை மிகக் குறைவாக இருப்பது ஒரே ஒரு கூட்டம்தான் என்று நிரூபித்தால் லெம்மா நிற்கும். சாதாரண மாட்ரிக்ஸ் குரூப்புகளுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. எல்லா செமிசிம்பிள் குரூப்புக்கும் வருமா என்று தெரியவில்லை. வரும் என்று தோன்றுகிறது. தோன்றுவதைக் கமிட்டிக்குக் கொடுக்கமுடியாது. கொடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை முடிவு சொன்னார்கள். இரண்டு வருஷம் கிடையாது. செப்டம்பர்வரை இருந்து இதை முடிக்கப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பம்பாய்க் கப்பலில் இடம் இருக்கிறது, இம்மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தை நீ வைத்திருப்பாய். கிழித்துவிடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதில் நான் எழுதியதெல்லாம் தப்பு. நேராக எழுது என்று கேட்டது மட்டும் தப்பில்லை. இதுவரை எந்த முடிவையும் உன்னைக் கேட்டு எடுத்ததில்லை. இப்போது கேட்கிறேன். இருக்கட்டுமா, வரட்டுமா? நீ சொல்.

சுந்தரேசன்

*

ஒக்கலிபுரம், பெங்களூர்
15-3-1963

நமஸ்காரம்.

உங்கள் கடிதம் நேற்று பதினோரு மணித் தபாலில் வந்தது. இன்று மத்தியானமே எழுதுகிறேன். குழந்தை தூங்குகிறாள், எழுந்துகொள்வதற்குள் முடித்துவிடவேண்டும்.

மறுபடி வரவில்லை. போன வாரம் நூற்றொன்றுவரை ஏறியது. இரண்டு நாளும் நான் பாயைப் போட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். தானாக இறங்கிவிட்டது. தொட்டுத் தொட்டே குழந்தைக்கு ஜுரம் வரவழைத்துவிடுவாய் என்று அக்கா என்னைக் கோபித்துக்கொண்டாள்.

பேராசிரியரிடம் சொன்னதைப் பற்றி நீங்கள் வருத்தப்படவேண்டாம். டைப் அடித்தேன், அதுதானே நடந்தது. எம்.எஸ்ஸி. என்று பின்னால் சேர்த்துச் சொன்னீர்களே, அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் கேட்டதை அக்காவிடம் சொன்னேன். ஆறு மாசம் என்ன பெரிசு, இருந்து முடித்துவிட்டே வரச்சொல் என்றாள். மௌரீனும் அதையேதான் சொல்கிறாள். கணக்குக்கு எது நல்லது என்று என்னைக் கேட்டால் நானும் அதையே சொல்வேன். பேச ஆளும் பார்க்கப் புஸ்தகமும் அங்கேதான் இருக்கின்றன. இங்கே வந்தால் காலேஜ், பரீட்சைப் பேப்பர், ரேஷன் என்று போய்விடும். அந்தக் கூட்டம் ஒன்றே ஒன்றுதான் என்பதை எல்லாக் குரூப்புக்கும் யாராவது நிரூபிப்பார்கள். அது நீங்களாக இல்லாமல் போகலாம். இதை எல்லாம் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பின்னால் நீ சொல்லவில்லையே என்று இருக்கக்கூடாது.

ஆனால் நீங்கள் கணக்கைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றரை வருஷமாக உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். எழுதினால் உங்கள் வேலை கெடும் என்று பயம். எழுதி, நீங்கள் வராவிட்டால் என்ன பண்ணுவது என்று அதைவிடப் பெரிய பயம். தேடினாய் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு வந்த கோபம் அவ்வளவும் அதனால்தான். தப்பைத் தேடவில்லை. உங்களைத் தேடாமல் இருந்தேனா என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

குழந்தைக்காக வாருங்கள் என்று சொல்வது சுலபம். அது நிஜமில்லை. அவளுக்கு உங்களைத் தெரியாது. ஆண்பிள்ளைக் குரல் கேட்டாலே என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். நீங்கள் வந்தால் முதல் ஒரு மாசம் அழுவாள், நீங்கள் பொறுத்துக்கொள்ளவேண்டியிருக்கும். அன்றைக்கு ஜட்காவில், அவளை மடியில் போட்டுக்கொண்டு, நான் டாக்டரை நினைக்கவில்லை, சாமியை நினைக்கவில்லை. நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தெரிந்தும் நினைத்தேன்.

இரண்டு வருஷம் வேண்டாம். ஆறு மாசமும் வேண்டாம். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிக் கப்பலில் வந்துவிடுங்கள். குழந்தைக்காக இல்லை. எனக்கு நீங்கள் வேண்டும்.

ஜகதா